மங்களாம்பிகை போடாத முடிச்சு

"கழுத்தைக் காட்டு" என்றார்.

நிச்சயதார்த்தம் முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. தாராசுரத்தில் எங்கள் வீட்டுக்கு, முன்கூட்டிச் சொல்லாமல், ஒரு துணிப்பையோடு பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார் மங்களாம்பிகை. எனக்குக் கணவராக வரப்போகிற பரணிதரனின் அக்கா. அம்மா காபி போட உள்ளே போன நேரம் பார்த்து என்னைக் கூடத்து ஜன்னல் பக்கம் இழுத்து நிறுத்தினார்.

"எதுக்குங்க?" என்றேன்.

"எதுக்குங்களா? நாத்தனாரைப் போயி 'ங்க' போட்டுக் கேக்குற பொண்ணை இன்னிக்குத்தான் பாக்குறேன். அண்ணின்னு கூப்பிடு. கழுத்தைக் காட்டு."

பையிலிருந்து ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்தார். நான் ஓரடி பின்னால் போனேன்.

"பயப்படாத, இதுல தாலி இல்ல. வெறும் கயிறு. பழகிப் பாக்கணும். முதல் முடிச்சு அவன் போடுவான், மிச்ச ரெண்டும் நான். நாத்தனார் முடிச்சு, தெரியும்ல?"

"தெரியும் அண்ணி."

"பம்புசெட் குழாயில கட்டிக் கட்டிப் பாத்தேன். குழாய் அசையாம நிக்குது. நீ நிப்பியா என்னமோ."

சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி நின்றேன். பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக் குனிந்தேன். விரல்கள் பட்டதும் பிடரி கூசியது. தேங்காய் நார் உரசுவதுபோல இருந்தது.

"கை முரடா இருக்கா?"

"இல்ல அண்ணி."

"பொய் சொல்லாத. இருபது வருசமா நாத்துமுடி கட்டுற கை. அதுதான் இப்ப வம்பு. நாத்துக்கட்டுல போடுற முடிச்சு, நடவு ஆளு ஒரு இழுப்பு இழுத்தா அவுந்துடணும். இது அவுறவே கூடாது. கை பழசையே போடுது பாரு."

கயிறு அவிழ்ந்து என் தோளில் விழுந்தது. மறுபடி கட்டினார். அதுவும் அவிழ்ந்தது. மூன்றாவது தடவை நின்றது. சுண்டி இழுத்துப் பார்த்துவிட்டு, "ஆங், இப்ப சரி" என்றார்.

தைரியம் வந்து கேட்டேன். "உங்க பெரியப்பா வேற மாதிரி சொன்னாராமே. விஜயலட்சுமி அக்கா போட்டா நல்லாருக்கும்னு."

"அவரு மகளுக்காகச் சொல்லுவாரு. புருசன் செத்தவ தாலி முடிச்சு போடலாமான்னு ஊரைக் கூட்டுறாரு. பரணி போன்லயே சொல்லிட்டான். என் அக்கா முடிச்சு போடலன்னா நான் தாலியே கட்ட மாட்டேன்னு. அயர்லாந்துலேர்ந்து சொன்னான். ஸ்பீக்கர்ல போட்டு அவர் காதாலயே கேக்க வச்சேன்."

அம்மா காபியோடு வந்தார். கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தார். "உங்க பொண்ணுக்குக் கழுத்துல வேர்வை ஜாஸ்தி. மணவறைப் பக்கம் ஒரு ஃபேன் வைக்கச் சொல்லுங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அந்தப் பேச்சை வரிசை மாறாமல் நினைவு வைத்திருக்கிறேன். மற்றதையெல்லாம் எழுதும்போது கோபத்தில் கை முந்திக்கொள்கிறது. அதனால் அவரைப் பற்றித் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மங்களாம்பிகைக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. வெண்ணாற்றுத் தண்ணீர் பாயும் ஓர் ஊரில் பன்னிரண்டு மா நிலம், நாலு ஏக்கர், அவர் பயிர் செய்கிறார். பரணிதரன் பிறந்தபோது அவருக்குப் பதினாலு. அடுத்த வருஷமே அம்மா போய்விட்டார். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குத் தம்பியையும் தூக்கிக்கொண்டு போய், பள்ளிக்கூடத்து வாசலில் இலந்தைப்பழம் விற்றவரிடம் விட்டுவிட்டு உள்ளே போய் எழுதியிருக்கிறார். தேறினார். அதற்கு மேல் யாரும் படிக்க வைக்கவில்லை. இருபத்தோரு வயதில் மன்னார்குடிப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். மூன்றாம் வருஷம் ஐப்பசி மழையில், மோட்டார் கொட்டகையில் மின்சாரம் தாக்கிக் கணவர் இறந்தார். குழந்தை இல்லை. பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அப்பா சிங்காரவேலு பக்கவாதத்தில் படுத்திருந்தார். தம்பிக்குப் பத்து வயது.

அப்பாவின் அண்ணன் அண்ணாதுரை, "நிலத்தை நான் பாத்துக்கறேம்மா, நீ வீட்டோட இரு" என்றாராம்.

"நீங்க உங்க நிலத்தைப் பாருங்க பெரியப்பா. எங்க நிலம் எங்கயும் போவாது" என்றாராம் இவர்.

அன்றைக்கு ஆரம்பித்தது பெரியப்பாவின் மனத்தாங்கல். இருபத்தோரு வருஷமாக அதைச் சோறு போட்டு வளர்த்துக்கொண்டிருக்கிறார்.

பெரியப்பாவின் வயல் வாய்க்காலின் தலைப்பில், இவர்களுடையது கடைசியில். ஒரு சம்பா பட்டத்தில், தன் முறை முடிந்த பிறகும் பெரியப்பா மடையில் மணல் மூட்டைகளை அடுக்கித் தண்ணீரைத் தன் பக்கமே திருப்பி வைத்திருந்தார். மங்களாம்பிகை போய் மூட்டைகளைப் புரட்டித் தள்ளினார். ஆள் வந்து மறுபடி அடுக்கினான். இவர் மறுபடி தள்ளிவிட்டு, மூட்டை இருந்த இடத்திலேயே முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டார்.

"ஏறு மேல. பொம்பளை வாய்க்கால்ல நிக்கிறது பாக்க நல்லாவா இருக்கு?" என்றார் பெரியப்பா.

"பாக்க நல்லால்லன்னா வீட்டுக்குப் போங்க பெரியப்பா. என் வயலுக்குத் தண்ணி வந்ததும் ஏறிக்கறேன்."

நாலு மணி நேரம் நின்றார். நடவுக்கு வந்த பெண்கள் தூக்குச்சட்டியில் கொண்டுவந்த சோற்றை நின்றபடியே சாப்பிட்டார். கடைசி வயலில் தண்ணீர் ஏறிய பிறகுதான் கரையேறினார். இதை எனக்குச் சொன்னது அவர் இல்லை, அன்றைக்கு நடவுக்கு வந்திருந்த வைரக்கண்ணு. "அட்டை கடிச்ச ரத்தம் கால் பூரா ஓடுது, இந்தம்மா ஊறுகா இருக்கான்னு கேக்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்த நிலத்தில் விளைந்ததில்தான் பரணிதரன் இன்ஜினியரிங் படித்தார். அயர்லாந்தில் மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். அப்பாவுக்குக் கொள்ளி வைக்க விமானத்தில் வந்தார். அதற்கு முந்தைய பதினைந்து வருஷம் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்தது யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட ஒருவரை நேருக்கு நேர் நின்று தடுக்க முடியாது. பெரியப்பாவுக்கு அது தெரியும். மடையில் பட்டிருக்கிறார். அதனால்தான் மணவறையில் மங்களாம்பிகையை யாரும் தடுக்கவில்லை. அரிசி எடுத்துவர அனுப்பினார்கள்.

தஞ்சாவூரில் ஒரு மண்டபத்தில் தை மாதம் கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம், மாப்பிள்ளை அழைப்புக்கு எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, மங்களாம்பிகை என் அறைக்கு வந்தார். பூ வைத்துவிட்டார். என்னிடம் ஒன்று கேட்டார். சரி என்றேன். என்ன கேட்டார் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். இங்கேயே எழுதிவிட்டால் அடுத்த நாளைப் பற்றி எழுத எனக்கு முகம் இருக்காது.

வாசலில் கட்டிய வாழைமரம் அவர் கொல்லையில் குலை தள்ளியது. முளைப்பாலிகைக்கு நவதானியத்தை ஊறவைத்துப் பதம் பார்த்தவர் அவர். சுமங்கலிகள் ஐந்து பேர் வரிசையாக வந்து தண்ணீர் தெளித்துப் படம் எடுத்துக்கொண்டபோது மட்டும் தள்ளி நின்றார். அட்சதை அவர் வயல் அரிசி. ஒரு நொய் இல்லாமல் மூன்று நாள் உட்கார்ந்து பொறுக்கியிருந்தார். மஞ்சள் அரைத்தது, தாலிக் கயிற்றை மஞ்சளில் நனைத்துக் காயவைத்தது எல்லாம் அவர்தான். அதையெல்லாம் புருஷன் செத்த கை தொட்டது. அப்போது யாருக்கும் அமங்கலமாகப் படவில்லை. வேலை எல்லாம் மங்கலம், முடிச்சு மட்டும் அமங்கலம். இதை எந்தச் சாஸ்திரத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

முகூர்த்த நேரம். மணவறையில் நானும் பரணிதரனும் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குப் பின்னால் மங்களாம்பிகை அரக்குப் பட்டில், நாத்தனார் விளக்கைக் கையில் பிடித்து நின்றார். தாலி வைத்த தட்டு சபையில் ஆசீர்வாதத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. பெரியப்பா குனிந்து அவரிடம் சொன்னார்.

"மங்களம், அட்சதை பத்தாது போலருக்கும்மா. நானூறு பேரு நிக்குது. ஸ்டோர் ரூம்ல அரிசி இருக்குல்ல, மஞ்சள் கலந்து எடுத்துட்டு ஓடிவந்துடு."

"வேற யாரையாவது அனுப்புங்க பெரியப்பா."

"யாருக்குத் தெரியும் எந்த மூட்டைன்னு? இன்னும் கால் மணி நேரம் இருக்கு. என்ன ஐயரே?"

ஐயர் ஹோமத்தில் நெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

மங்களாம்பிகை தம்பியைப் பார்த்தார்.

"போய்ட்டு வந்துடுக்கா. நீ வந்த பெறகுதான்" என்றார் பரணிதரன்.

அந்த வார்த்தையை நான் என் காதால் கேட்டேன். முந்தின நாளே பெரியப்பாவும் அவரும் பேசி முடிவு செய்திருந்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரு வாரம் கழித்து, அவரே, ஏதோ சமர்த்தாகச் சமாளித்துவிட்டதுபோலச் சொன்னார்.

மங்களாம்பிகை என்னையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு விளக்கை விஜயலட்சுமியிடம் கொடுத்துவிட்டு வேகமாகப் போனார்.

நாலு நிமிஷம்கூட இருக்காது. கெட்டிமேளம் அடித்தார்கள். குனிந்தேன். முதல் முடிச்சு விழுந்தது. அடுத்து இன்னொரு கை வந்தது. பிடரியில் பட்ட விரல்கள் வழவழவென்று இருந்தன. ஒரு மோதிரக் கல் தோலைக் கீறியது. ரோஜா வாசனை கிரீம்.

"நல்லா இறுக்கிப் போடு விஜி" என்று பெரியப்பாவின் குரல் கேட்டது.

இரண்டாவது. மூன்றாவது.

தலைமேல் அரிசி விழுந்துகொண்டிருந்தது. பத்தாது என்று சொன்ன அரிசி, தாராளமாக, மணவறை முழுக்க. நிமிர்ந்தபோது மண்டபத்தின் மறுகோடியில் ஸ்டோர் ரூம் வாசலில் அவர் நின்றிருந்தார். கையில் பெரிய தாம்பாளம். இரண்டு கையும் மணிக்கட்டு வரை மஞ்சள். ஓடிவரவில்லை. கத்தவில்லை. தாம்பாளத்தைப் பக்கத்திலிருந்த நாற்காலியில் வைத்துவிட்டுக் கை கழுவும் இடத்துக்குப் போனார். பந்திக்கு முந்திய கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு போனது. அவர் கழுவிக்கொண்டே இருந்தார். மஞ்சள் அவ்வளவு சீக்கிரம் போகாது.

கல்யாணத்துக்கு அயர்லாந்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். நோரா. பரணிதரனோடு வேலை பார்ப்பவர், அறுபதை நெருங்குபவர். முன்வரிசை சோபா அவருக்கு. காலையில் அவருக்குச் சேலை கட்டிவிட்டதும் மங்களாம்பிகைதான். "உன்னை வளர்த்த அக்கா ஏன் மேடையில் இல்லை?" என்று நோரா ஆங்கிலத்தில் கேட்க, "அவளுக்குக் கூட்டம் என்றால் ஆகாது" என்று பரணிதரன் ஆங்கிலத்திலேயே சொன்னார். பக்கத்தில் மாலையோடு நின்று கேட்டேன். கொள்முதல் நிலையத்தில் நெல் வண்டியோடு நாற்பது ஆண்களுக்கு நடுவில் வரிசையில் நிற்கிறவருக்குக் கூட்டம் ஆகாதாம்.

மத்தியானம் நோரா தானாகவே தேடிப்போய் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார். மங்களாம்பிகை பாத்திரங்களை எண்ணிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். நோரா தன் ஊர்க் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார். மேயோ என்ற பகுதியின் கிராமங்களில், கல்யாணத்தன்று விருந்து நடக்கும்போது, அழைக்காத ஆட்கள் சிலர் கூட்டமாக வருவார்களாம். வைக்கோலால் கூம்பு மாதிரி முடைந்து முகத்தை மறைத்திருப்பார்களாம். யார் என்று யாரும் கேட்கக் கூடாது. உள்ளே வந்து கல்யாணப் பெண்ணோடு ஆடுவார்கள். அவர்களுக்குக் குடிக்கக் கொடுத்து அனுப்புவார்கள். விரட்ட மாட்டார்கள், அவர்கள் வந்துபோனால் அந்த வீட்டுக்கு நல்லது என்று நம்பிக்கை.

நான் தமிழில் சொல்லச் சொல்ல மங்களாம்பிகை ஒரு அண்டாவைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்.

"அப்ப நானும் மூஞ்சில வைக்கோலைக் கட்டிக்கிட்டு வந்துருக்கலாம். போர் போராக் கெடக்கு வீட்டுல. அழைச்சு வந்தது தப்பாப் போச்சு."

நோரா ஆவலோடு என்னைப் பார்த்தார். அவர் என்ன சொன்னார் என்று கேட்டார்.

"நல்ல வழக்கம் என்று சொல்கிறார்" என்றேன் ஆங்கிலத்தில்.

மங்களாம்பிகை அண்டாவைக் கீழே வைத்தார். "ஏன் வானதி, நான் சொன்னது இங்கிலீசுல இவ்வளவு சின்னதாவா வரும்?"

இரண்டு மொழியில் படித்தவள் நான். இரண்டிலும் உள்ளதைச் சொல்லவில்லை.

பரணிதரன் மூன்று வாரத்தில் திரும்பிப் போனார். எனக்கு விசா வரும்வரை மங்களாம்பிகையோடு இந்த ஊரில் இருக்கிறேன். அவர் விடியுமுன் எழுந்து டி.வி.எஸ். வண்டியில் வயலுக்குப் போகிறார். எனக்கும் சேர்த்து இட்லி ஊற்றி வைத்துவிட்டுப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்தால், "மேட்டூர் தொறந்தாச்சு, குறுவைக்கு நாத்து விட்டாச்சு, ஒடம்பைப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு என்னிடம் கொடுத்துவிடுகிறார். ஒரு வார்த்தை கூடுதலாகக் கிடையாது. முன்பெல்லாம் ஒரு மணி நேரம் பேசுவார்களாம்.

நான்தான் பரணிதரனோடு சண்டை போட்டேன். "ஏன் பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு முடிச்சுக்காக இத்தனை மாசமா? பெரியவங்க மனசும் கோணாம, கல்யாணமும் நல்லபடியா முடிஞ்சுது. அக்காவே ஒன்னும் சொல்லல. உனக்கென்ன?"

எனக்கென்ன. மங்களாம்பிகை ஒன்றும் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள இவருக்கு வசதியாக இருக்கிறது. மடையில் நின்ற பெண் மண்டபத்தில் நிற்காமல் போனதற்குக் காரணம் தம்பியின் வார்த்தையை நம்பியதுதான். பெரியப்பா எதிரி. எதிரியிடம் அவர் ஒருநாளும் தோற்றதில்லை.

ஆடிப்பெருக்கு அன்று ஊர்ப் பெண்கள் எல்லோரும் ஆற்றங்கரைக்குப் போனோம். கல்யாணமானவர்கள் பழைய தாலிக் கயிற்றை மாற்றிப் புதுக் கயிறு கட்டிக்கொள்ளும் நாள். ஒருவருக்கொருவர் கட்டிவிடுவார்கள். எனக்கு முதல் ஆடிப்பெருக்கு. விஜயலட்சுமி தஞ்சாவூரிலிருந்து காரில் வந்திருந்தார், எனக்குக் கட்டிவிட. நான் புதுக் கயிற்றை எடுத்துக்கொண்டு, படித்துறைக்கு மேலே மர நிழலில் தனியாக நின்ற மங்களாம்பிகையிடம் போனேன்.

"நீங்க கட்டுங்க அண்ணி" என்று நீட்டினேன்.

அவர் கயிற்றைத் தொடவில்லை.

"இதென்ன, மிச்சம் மீதியா?" என்றார். குரலை உயர்த்தவில்லை, ஆனால் துறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. "நானூறு பேரு முன்னாடி எடுத்துக்கிட்டதை நாப்பது பேரு முன்னாடி குடுப்பியா? மேளம் அடிக்கும்போது போட வேண்டிய முடிச்சு அது. அன்னிக்குப் போடலன்னா போடலதான். இன்னிக்குப் போட்டா என் ஆத்திரம் தீந்துடும்னு நெனச்சியா? தீர வேண்டாம். இருக்கட்டும்."

வண்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். விஜயலட்சுமி கையை நீட்டினார். வேண்டாம் என்று நானே கட்டிக்கொண்டேன். மூன்று முடிச்சு, கண்ணாடி இல்லாமல், கோணல் மாணலாக.

மங்களாம்பிகை பெரியப்பாவைத் திட்டுகிறார். ஐயரைத் திட்டுகிறார். தம்பியிடம் பேச்சைக் குறைத்துவிட்டார். என்னை மட்டும் இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்டோர் ரூமுக்குப் போகுமுன் என்னைப் பார்த்தாரே, அதைப் பற்றிக் கேட்டதில்லை. முந்தின நாள் சாயங்காலம் என் தலையில் பூ வைத்துக்கொண்டே, பின்னால் நின்றபடி, அவர் கேட்டது இதுதான்:

"வானதி, உன்கிட்ட ஒன்னு கேக்கணும். பரணி போன்ல பேசுற மாதிரி நேர்ல பேச மாட்டான். நான் வளத்த புள்ள, எனக்குத் தெரியும். ஏதாவது சொல்லி என்னை அந்தண்ட அனுப்பிடுவாங்க. நீ சண்டை போட வேண்டாம், பேசக்கூட வேண்டாம். என் கை எப்படி இருக்கும்னு உன் கழுத்துக்குத் தெரியும்ல? முதல் முடிச்சு விழுந்த பெறகு வர்ற கை சொரசொரன்னு இல்லன்னா, தலையை மட்டும் நிமித்திக்க. நிமிந்த கழுத்துல, ஜடையும் மாலையுமா, முடிச்சு போட வராது. அவ்வளவு நேரம் போதும், நான் எங்க இருந்தாலும் ஓடியாந்துடுவேன். நிமித்திக்குவியா?"